மண் மேட்டுக்கு எத்தனை ஆங்கிலப் பெயர்? – கேள்வி பதில்

'எம்பேங்க்' என்ற வினைச்சொல்லுக்குப் பொருள் என்ன? 'எம்பார்க்' அதற்கு உறவா?

நீரைத் தடுக்கவோ, சாலையையும் தண்டவாளத்தையும் தாங்கவோ மண்ணைக் குவித்துக் கரை எழுப்புவதுதான் எம்பேங்க். 'என்' என்ற முன்னொட்டோடு கரையைக் குறிக்கும் 'பேங்க்' சேர்ந்த சொல். பின்னால் வரும் எழுத்துக்கேற்ப 'என்' இங்கே 'எம்' ஆகிறது. பைந்தமிழ், பைம்பொன் என்று நாம் மாற்றிச் சொல்வதில்லையா, அதைப் போல. எம்பார்க்கிலும் அதே முன்னொட்டுதான். ஆனால் அங்கே 'பார்க்' என்பது கலம், கலத்தில் ஏறுவது. உறவு முன்னொட்டோடு சரி.

மொழிபெயர்ப்பவர்கள் இடறுவது வேற்றுமையில். ஆங்கிலத்தில் இந்த வினைக்குச் செயப்படுபொருள் ஆறு. குவிக்கிற மண் அல்ல. தமிழில் 'ஆற்றைக் கரை கட்டினார்கள்' என்றால் உதைக்கும். 'ஆற்றுக்குக் கரை கட்டினார்கள்' என்று நான்காம் வேற்றுமைக்கு மாற்றிவிடுங்கள்.

பணம் போடும் பேங்க்கும் ஆற்றின் பேங்க்கும் ஒன்றா?

வேர் ஒன்று, வந்த வழி வேறு. கரை ஸ்காண்டிநேவிய மொழிவழி வந்தது. வங்கியோ இத்தாலியின் நாணயமாற்றுக்காரர் போட்டிருந்த பலகையிலிருந்து வந்தது. 'பெஞ்ச்' இரண்டுக்கும் பங்காளி.

'டைக்' என்பதற்கு ஓர் அகராதி பள்ளம் என்கிறது, இன்னொன்று மேடு என்கிறது. எது சரி?

இரண்டுமே. பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல்தான் இரண்டுக்கும் இருந்தது. காரணம் மண்வெட்டி பிடித்தவருக்குத் தெரியும்: இங்கே வெட்டிய மண்ணை அங்கே போட்டால் ஒரே வேலையில் குழியும் மேடும் கிடைத்துவிடும். தென் இங்கிலாந்தின் உச்சரிப்பில் அச்சொல் 'டிட்ச்' ஆகிப் பள்ளத்தோடு நின்றது. வடக்கில் 'டைக்' ஆகவே தங்கி இரண்டையும் சுமந்தது. இங்கிலாந்து–வேல்ஸ் எல்லையையொட்டி, 8ஆம் நூற்றாண்டின் மெர்சியா மன்னன் பெயரால் வழங்கும் ஆஃபாஸ் டைக்கில் இதைக் கண்ணால் பார்க்கலாம்: கிழக்கே மேடு, மேற்கே, வேல்ஸ் பக்கம், பள்ளம்.

ஆகவே இடம் பார்த்து மொழிபெயர்க்க வேண்டும். நெதர்லாந்து என்றால் கடற்கரை அல்லது ஆற்றங்கரை அணை. கிழக்கு இங்கிலாந்தின் சதுப்புநிலம் என்றால் வடிகால் வாய்க்கால். ஸ்காட்லாந்து என்றால் கல் அடுக்கிய வேலிச்சுவர். புவியியல் கட்டுரையென்றால் பாறையை ஊடுருவி இறுகிய தீக்குழம்புச் சுவர். அங்கே 'கரை' என்று எழுதினால் கட்டுரையே கெட்டது.

லெவீ, டேம், பண்ட் மூன்றும் அணைதானே?

இல்லை. டேம் ஆற்றுக்குக் குறுக்கே நிற்கும். லெவீ ஆற்றோடு கூடவே ஓடும். டேமுக்கு அணை, லெவீக்கு வெள்ளக்கரை என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது. லெவீ, 'உயர்த்தப்பட்டது' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். நியூ ஆர்லியன்ஸ் பகுதியிலிருந்து ஆங்கிலத்துக்குள் புகுந்தது. வரி விதிப்பதைச் சொல்லும் 'லெவி'யும் அதே வேர்தான்.

பண்ட் என்பதும் கரைதான்; பாரசீகத்தின் 'பந்த்' அது. இந்துஸ்தானி வழியாக ஆங்கிலேயர் வாய்க்குப் போனது. கட்டுதல் என்று பொருள். கயிற்றைக் கட்டுவதற்கும் கரையைக் கட்டுவதற்கும் தமிழும் ஒரே வினையைத்தான் வைத்திருக்கிறது. ஷாங்காயின் புகழ்பெற்ற ஆற்றோரத்துக்கு ஆங்கிலேயர் 'பண்ட்' என்று பெயரிட்டது இந்தச் சொல்லைக் கொண்டுபோய்த்தான். சீனத்தில் அதன் பெயர் 'வாய்டான்' (Waitan).

கரையின் சரிவு 2:1 என்றால் எது எது?

வரைபடத்தின் குறிப்பைப் பார்க்காமல் எழுதாதீர்கள். மண்கரைகளுக்குப் பெரும்பாலும் கிடை 2, உயரம் 1. சில ஆவணங்களில் உயரத்தை முதலில் போடுவார்கள். மாற்றிப் படித்தால் 4 மீட்டர் உயரக் கரையின் ஒரு பக்கச் சரிவுக்கு 8 மீட்டர் அகலம் விடவேண்டிய இடத்தில் 2 மீட்டர்தான் விடுவீர்கள்; அவ்வளவு செங்குத்தான மண் சரிந்துவிடும். 'கிடை 2, உயரம் 1' என்று சொல்லாலேயே எழுதுவது நல்லது.

மிகைப்படுத்தலுக்கும் மண்மேட்டுக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. ரோமானியர் குவித்த மண்மேடு 'அக்கெர்'. அதிலிருந்து வந்த வினைக்கு மேலே மேலே குவித்தல் என்று பொருள், அதுதான் 'எக்ஸாஜரேட்'. அந்த மேட்டில் கழிகள் நட்டு எழுப்பிய அரண் 'வல்லும்'. அரண்களுக்கு இடைப்பட்ட வெளி 'இன்டர்வல்'. ஆக, இடைவேளை என்பது முதலில் நேரமே அல்ல, இடம்.

இன்னொன்றும் உண்டு. பலகையும் மரமும் கொண்டு அமைத்த அரணுக்கு டச்சுக்காரர் வைத்த பெயரிலிருந்து ஆங்கிலத்தில் 'புல்வர்க்' வந்தது, பிரெஞ்சில் 'புல்வார்' வந்தது. பாரிசில் அரண்களை இடித்த இடத்தில் மரநிழல் சாலைகள் போட்டார்கள்; மேடு போய்விட்டது, பெயர் மட்டும் சாலைக்கு ஒட்டிக்கொண்டது.