இமயமலையில் நிலநடுக்கம் வருகிறது, எரிமலை மட்டும் ஏன் இல்லை?

பூமியின் மேல்பகுதியாக உள்ள பிரம்மாண்டமான பாறைத் தட்டுகள் மோதும் இடத்தில் நிலநடுக்கமும் எரிமலையும் வரும் என்றால் இமயமலையில் ஏன் எரிமலை இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அருமையான கேள்வி. காரணம் தண்ணீர்.

முதலில் அந்தமான் பக்கம் பாருங்கள். இந்தியத் தட்டின் கடலடிப் பகுதி அங்கே பர்மா தட்டுக்குக் கீழே சரிந்து இறங்குகிறது. கோடிக்கணக்கான வருடங்கள் கடலுக்கடியில் கிடந்த பாறை அது. அதன் கனிமங்களுக்குள்ளேயே தண்ணீர் இருக்கும். ஏறத்தாழ 100 கி.மீ. ஆழத்தில் அழுத்தமும் சூடும் அதைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. அந்தத் தண்ணீர் மேலேயுள்ள பாறையில் கலந்ததும், ஐஸில் உப்பு போட்ட மாதிரி, பாறை உருகும் வெப்பநிலை குறைந்துவிடுகிறது. தட்டுகள் உரசும் சூட்டில்தான் பாறை உருகுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். முக்கியக் காரணம் அது இல்லை. ஏற்கெனவே இருக்கும் சூடே போதும்.

அப்படி உருகி மேலே வந்ததுதான் பாரன் தீவு. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கி.மீ. தள்ளி இருக்கிறது. இந்தியாவில் இன்று உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை. நீண்ட காலம் அடங்கிக் கிடந்து 1991இல் மறுபடி வெடித்தது. அப்புறம் பல முறை. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தையும் கடலூரையும் சூறையாடிய சுனாமிக்குக் காரணமான 9.1 அளவு நிலநடுக்கமும் இதே எல்லையில்தான் நடந்தது.

சரி, இமயமலை? அங்கும் ஒரு காலத்தில் டெதிஸ் கடல் இருந்தது. அதன் தரை ஆசியாவுக்கு அடியில் இறங்கிய வரை எரிமலைகளும் இருந்தன. லே நகரை ஒட்டியுள்ள கிரானைட் மலைகள் அந்த எரிமலைகளுக்கு அடியில் இறுகிப்போன பாறைக்குழம்புதான். சுமார் 5 கோடி வருடங்களுக்கு முன் கடல் மூடி, கண்டமும் கண்டமும் முட்டிக்கொண்டன. கண்டப் பாறை எடை குறைந்தது, கடல்தரை போல எளிதில் கவசத்துக்குள், அதாவது மேலோட்டுக்குக் கீழுள்ள சூடான பாறை அடுக்குக்குள், மூழ்காது. அதனால் தண்ணீர் கீழே போகும் வழி அடைபட்டது. ஆனால் வருடத்துக்கு சுமார் 2 செ.மீ. நெருக்கல் தொடர்கிறது. அந்த இறுக்கம் சேர்ந்து சேர்ந்துதான் நிலநடுக்கமாக வெளிப்பட்டு, 2015 ஏப்ரலில் நேபாளத்தில் ஏறத்தாழ 9,000 உயிர்களைப் பறித்தது.

பத்ரிநாத் போய்வந்தவர்கள் தப்த குண்டத்து வெந்நீரைப் பார்த்துவிட்டு, கீழே எரிமலை இருக்கிறதோ என்று கேட்பதுண்டு. இல்லை. மழைநீரும் பனிநீரும் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகின்றன, அவ்வளவுதான்.