பழைய பெரிய அமெரிக்கக் கார்களை நினைத்து அந்நாட்டவர் இன்றும் ஏன் இவ்வளவு ஏங்குகிறார்கள்?

டெட்ராய்ட் நகரை ஒட்டிய புறநகர் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். கார் மோதும்போது அதன் உடற்கூடு எங்கே, எவ்வளவு நசுங்க வேண்டும் என்று கணக்கிடுவது என் தொழில். பெட்ரோலைக் குடிக்கும், நிறுத்த இடம் கிடைக்காத அந்தக் கப்பல்கள் மீது இவர்களுக்கு என்ன மோகம் என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கு வந்த புதிதில் எனக்கும் அது விளங்கவில்லை.

விளங்க வைத்தது பக்கத்து வீட்டுப் பெரியவரின் 1964ஆம் ஆண்டு பியூக் எலெக்ட்ரா 225. அந்த 225 என்பது எஞ்சினின் எண் அன்று. 1959இல் வந்த முதல் எலெக்ட்ரா 225இன் நீளம் 225 அங்குலம், அதாவது ஏறத்தாழ 5.7 மீட்டர் என்பதைப் பெருமையாகப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டார்கள். பெரியவரின் வண்டி அதைவிடச் சற்றுக் குட்டை என்றாலும், கொட்டகைக்குள் அதை நிறுத்துவதே ஒரு சடங்கு. கூரையிலிருந்து ஒரு டென்னிஸ் பந்து கயிற்றில் தொங்குகிறது; பந்து முன்கண்ணாடியைத் தொட்டவுடன் நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் முன்பக்கம் சுவரில் இடிக்கும்; தொடுவதற்கு முன்பே நிறுத்திவிட்டால் கொட்டகையின் கதவு மூடாது.

முன் இருக்கை ஒரே நீளமான சோபா. மூவர் தாராளமாக அமரலாம். கியர்க்கோல் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருப்பதால் நடுவில் அமர்பவரின் காலை அது இடிப்பதில்லை. ஹெட்லைட்டை டிம் செய்யும் பொத்தான் தரையில், இடது பாதத்துக்கு அருகில் இருக்கிறது. நான்கு கதவுகளின் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டால், முன், பின் கதவுகளுக்கிடையே நடுத்தூண் இல்லாத அந்த வண்டியின் பக்கவாட்டு முழுவதும் ஒரே திறந்த வெளியாகிவிடுகிறது. அந்தத் தூண் இல்லாததைக் கண்டதும் என் தொழில் புத்தி பதறியது. ஆனால் ஆகஸ்டு மாத மாலைக் காற்று உள்ளே வந்தபோது அந்தப் பதற்றம் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 6.6 லிட்டர் வி8 எஞ்சின், மேட்டில் ஏறும்போதுகூடக் குரலை உயர்த்தாது.

ஆனால் சொகுசு மட்டும் காரணமென்றால் இன்றைய சொகுசுக் கார்களே போதுமே. இவர்கள் பேசும்போது கவனித்துப் பாருங்கள்: 1957 மாடல் செவர்லேயை வெறுமனே ‘செவர்லே’ என்று சொல்வதில்லை, செல்லமாகச் சுருக்கி ‘ஐம்பத்தேழு செவி’ என்கிறார்கள். பெயரோடு ஆண்டும் சேர்ந்தே வருகிறது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1920களில், செவர்லே, பியூக், காடிலாக் ஆகிய கார்களைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவராக இருந்த ஆல்பிரட் ஸ்லோன், ஆண்டுதோறும் மாடலை மாற்றும் வழக்கத்தை நிலைநாட்டினார். 1927 முதல் 1958 வரை அங்கே வடிவமைப்பை நடத்திய ஹார்லி ஏர்ல் அதை ஒரு கலையாகவே வளர்த்தார். போர் விமானமான லாக்ஹீட் பி-38இன் இரட்டை வாலைக் கண்டு வியந்து, 1948 காடிலாக்கின் பின்பக்கத்தில் சின்னஞ்சிறு மேடாக அவர் தொடங்கிவைத்த, மீனின் துடுப்பு போன்ற அலங்காரம், 1959 காடிலாக்கில் இரட்டைச் சிவப்பு விளக்குகளுடன் உச்சத்தைத் தொட்டு, அடுத்த ஆண்டே தணியத் தொடங்கியது. 1957 செவர்லேயிலோ பெட்ரோல் மூடியை இடப்பக்கத் துடுப்பின் க்ரோம் பட்டைக்குள் ஒளித்து வைத்தார்கள். விவரம் தெரியாதவர் வண்டியைச் சுற்றிச் சுற்றித் தேட வேண்டியதுதான்.

சென்ற ஆண்டு வாங்கிய வண்டி வாசலில் பழசாகத் தெரிய வேண்டும், உரிமையாளருக்கு வெட்கமாக இருக்க வேண்டும் என்பதே இந்த மாற்றங்களின் நோக்கம். அது வியாபாரத் தந்திரம், அதுவும் கொஞ்சம் கொடூரமான தந்திரம் என்பது என் கருத்து. ஆனால், முகம் ஆண்டுக்காண்டு மாறியதால்தான் ஒவ்வொரு முகமும் ஓர் ஆண்டின் அடையாளமாகிவிட்டது. அப்பா வேலையில் சேர்ந்த ஆண்டு, அண்ணன் ராணுவத்துக்குப் போன ஆண்டு, தனக்குத் திருமணமான ஆண்டு என எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு கிரில்லும் ஒரு பின்விளக்கும் உண்டு. தூக்கி எறியச் செய்வதற்காக மாற்றிய உருவங்களே ஞாபகத்தைப் பிடித்துவைக்கும் கொக்கிகளாகிவிட்டன.

‘அந்தக் காலத்து இரும்பு, மோதினாலும் அசையாது’ என்ற பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியாது. 2009இல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, 1959 செவர்லே பெல் ஏர் ஒன்றையும் 2009 செவர்லே மாலிபு ஒன்றையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே ஓடவிட்டு, ஓட்டுநர் பக்கமாக மோதவைத்தது. பெல் ஏரின் ஓட்டுநர் இருந்த இடமே உள்வாங்கிச் சுருங்கிவிட்டது. மாலிபுவில் பயணிகள் அமரும் கூண்டு கலையாமல் நின்றது. பழைய வண்டியின் எக்ஸ் வடிவ அடிச்சட்டகம் பலவீனமானது, எல்லாப் பழைய கார்களையும் அதை வைத்து எடைபோடக் கூடாது என்று ரசிகர்கள் வாதாடுவார்கள். அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆயினும் நசுங்காத முன்பக்கம் மோதலின் விசையை உள்ளே இருப்பவரிடம் கொடுத்துவிடும் என்பதை எந்த அடிச்சட்டகத்தாலும் மாற்ற முடியாது.

அந்தக் காலம் முடிந்த கதை பலருக்கும் தெரியும். பெரியவர் வண்டி புதிதாக வந்தபோது ஒரு கேலன் பெட்ரோல் ஏறத்தாழ 30 சென்ட். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின, பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது, 1975இல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. 1977 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸே தன் பெரிய கார்களை ஒரு ஜாணுக்கு மேல் வெட்டி, சில நூறு கிலோ குறைத்தது.

பெரியவர் ஒருநாள் என் ஏழு வயது மகனை அதில் அழைத்துப் போகட்டுமா என்று கேட்டார். இடுப்புவார் போட வேண்டும், பின்னால் உட்கார வேண்டும், நெடுஞ்சாலை கூடாது, ஐஸ்கிரீம் கடையைத் தாண்டக் கூடாது என்று நான்கு நிபந்தனைகள் விதித்து, நானும் ஏறிக்கொண்டேன். திரும்பும் வழியில் மகன் முன் சோபாவைக் காட்டி, நம் காரில் ஏன் முன்னால் மூன்று பேர் உட்கார முடியாது என்று கேட்டான். ஏர்பேக், நடுவிலுள்ள பெட்டி என்று நான் விளக்கத் தொடங்குவதற்குள் பெரியவர் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டார்.