ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ்: 8 வயது மகளுக்கு எந்தக் கருவியை முதலில் வாங்குவது?

கேள்வி: என் மகளுக்கு 8 வயது, உயரம் 120 செ.மீ. சேலத்தில் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் (இசைக்கேற்பக் கருவிகளோடு ஆடும் ஜிம்னாஸ்டிக்ஸ்) வகுப்புக்குப் போகிறாள். இதுவரை வகுப்பில் இருந்த கருவிகளையே பயன்படுத்தினாள். இனி சொந்தமாக வாங்கிவிடுங்கள் என்கிறார் பயிற்சியாளர். கயிறு, வளையம், பந்து, கிளப் (கைக்கு ஒன்றாகப் பிடிக்கும் மெல்லிய கட்டைகள்), ரிப்பன் என ஐந்தும் சேர்ந்த செட் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கலாமா? அல்லது வளர்கிற பிள்ளைதானே என்று பெரியவர்கள் அளவிலேயே வாங்கினால் பல வருடம் வருமா? விடுமுறையில் ஏற்காட்டில் பாட்டி வீட்டில் இருப்பாள். அங்கும் பயிற்சி செய்ய வேண்டும்.
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: செட் வேண்டாம். பெரியவர்கள் அளவும் வேண்டாம். பள்ளிச் சீருடையை இரண்டு சைஸ் பெரிதாக எடுத்து மடித்துத் தைத்துக்கொள்வதுபோல இதில் செய்ய முடியாது. பெரியவர்களுக்கான 80 செ.மீ. விட்ட வளையத்தை உங்கள் மகள் கையை நீட்டிச் சுழற்றினால், கை சற்றுத் தளர்ந்தாலே அது தரையில் இடிக்கும். இடிக்காமல் இருக்கத் தோளைத் தூக்குவாள். அப்படிப் பழகிய தோளைப் பிறகு இறக்கவைப்பது பெரும்பாடு.

மலிவான செட்டில் என்ன குறை என்றால், எடை. பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். எடுத்துப் பார்த்தால் காற்றுப்போல இருக்கும். சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு பெரியவர்களுக்கான கருவிகளுக்குக் குறைந்தபட்ச எடை வைத்திருக்கிறது: வளையம் 300 கிராம், பந்து 400 கிராம், கிளப் ஒவ்வொன்றும் 150 கிராம், ரிப்பன் துணி 35 கிராம். காரணமில்லாமல் வைக்கவில்லை. எடை குறைந்த வளையத்தை மேலே எறிந்தால் தள்ளாடிக்கொண்டே இறங்கும். எங்கே வரும் என்று கண்ணால் கணிக்க முடியாது. எடையுள்ள வளையம் எறிந்த சாய்விலேயே தள்ளாடாமல் சுழன்று இறங்கும். கை எவ்வளவு விசை கொடுத்தது என்பதைக் குழந்தை அப்போதுதான் உணர்கிறாள். பொம்மைக் கருவியில் ஒரு வருடம் பழகிவிட்டு உண்மையான கருவியை எடுத்தால், அந்தக் கணக்கு முழுவதும் தப்பிப்போகும்.

சிறு பிள்ளைக்கு இந்த எடை முழுவதும் தேவையில்லை. உங்கள் மகளுக்கு வளையம் 200 கிராமுக்குக் குறையாமலும், பந்து ஏறக்குறைய 300 கிராமும் இருந்தால் நல்லது. வாங்கியதும் மளிகைக் கடை மின்தராசில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள். குறைவாக இருந்தால் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.

இப்போதே வாங்க வேண்டியவை கயிறும் பந்தும். கயிறு மிகவும் மலிவு. ஆனால் கைப்பிடி வைத்த ஸ்கிப்பிங் கயிறு இதற்கு உதவாது. இந்த விளையாட்டின் கயிற்றுக்குக் கைப்பிடி கிடையாது. இரண்டு முனையிலும் முடிச்சு மட்டுமே. கயிற்றுக் கடையில் கிடைக்கும் மிருதுவான பின்னல் கயிறு பயிற்சிக்குப் போதும். தென்னை நார்க் கயிறு கையைக் கிழித்துவிடும். கயிற்றின் நடுவில் இரண்டு காலையும் வைத்து நிற்கச் சொல்லுங்கள். முனைகள் அக்குள் வரை வர வேண்டும். பெரியவர்களின் தனிநபர் போட்டியிலிருந்து கயிறு 2011 முதல் விலக்கப்பட்டுவிட்டது உண்மைதான். ஆனாலும் குதித்தலையும் காலின் தாளத்தையும் இதைப்போலக் கற்றுத்தரும் கருவி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பந்து விஷயத்தில்தான் சேலத்துக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பெரியவர்களுக்கு விட்டம் 18 முதல் 20 செ.மீ.; உங்கள் மகளுக்கு 15 அல்லது 16 போதும். உள்ளங்கையில் பந்து உட்கார வேண்டும். விரல்கள் அதை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பெரிய பந்தைக் கொடுத்தால் குழந்தை அதை முன்கையோடு சேர்த்து அணைத்துக்கொள்வாள். போட்டியில் அது குறையாகவே கணக்காகும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு பந்தைத் தொட விடாதீர்கள். பந்தில் எண்ணெய் ஏறினால் கையில் நிற்காமல் வழுக்கும். இளஞ்சூட்டு நீரில் கொஞ்சம் சோப்புக் கலந்து துடைத்து, நிழலில் உலர்த்துங்கள்.

இனி ஏற்காடு. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். மேலே காற்றழுத்தம் குறைவு. அதனால் சேலத்தில் சரியாகக் காற்றடித்த பந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போகும்போது உப்பி விறைத்துவிடும். மலைக்குளிர் அந்த விறைப்பைச் சற்றுக் குறைக்கும், முழுதாக ஈடுகட்டாது. விறைத்த பந்து உள்ளங்கையில் பட்டதும் எகிறிவிடும். பிள்ளை தன் கைதான் சரியில்லை என்று சோர்ந்துபோவாள். எதிர்த்திசையில் இன்னும் கவனம் தேவை. பாட்டி வீட்டில் காற்றடித்துவிட்டு, மறுநாள் போட்டிக்கென்று கீழே வந்தால் பந்து தளர்ந்து, விட்டமும் சற்றுக் குறைந்திருக்கும். அளவுக்குக் கீழே போனால் மதிப்பெண் குறையலாம். ஆகவே எங்கே ஆடுகிறாளோ அங்கே போய்ச் சேர்ந்து, பந்து அந்த இடத்தின் சூட்டுக்குப் பழகிய பிறகு காற்றைச் சரிசெய்யுங்கள். கைப்பம்பும் ஊசியும் பையிலேயே இருக்கட்டும். ஊசியை நீரில் நனைத்தபின் செருகினால் வால்வு கிழியாது. விட்டத்தை அளப்பது எளிது: பந்தைத் தரையில் வைத்து, இரண்டு பக்கமும் தடித்த புத்தகங்களை நிமிர்த்தி ஒட்டினாற்போல் நிறுத்தி, நடுவில் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்தால் போதும்.

ஓரிரு மாதம் கழித்து வளையம் வாங்கலாம். தரையில் நிறுத்தினால் அதன் மேல்விளிம்பு இடுப்பெலும்பு வரை வர வேண்டும். உங்கள் மகளுக்கு 65 அல்லது 70 செ.மீ. இருக்கும், நேரில் நிறுத்திப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதை ஆணியில் மாட்டாதீர்கள். நாளடைவில் முட்டை வடிவத்துக்குப் போய்விடும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள்ளும் வைக்காதீர்கள். உறையில் போட்டு, கட்டிலுக்கு அடியில் தட்டையாகக் கிடத்துங்கள். கோணல் இருக்கிறதா என்று பார்க்க, சமமான தரையில் படுக்க வைத்து ஒரு பக்கம் அழுத்துங்கள். மறுபக்கம் எழும்பினால் வளைந்துவிட்டது என்று பொருள்.

ரிப்பன் எல்லாருக்கும் பிடித்தது, எல்லாரும் அவசரப்பட்டு வாங்குவதும் அதுதான். பெரியவர்களுக்கு 6 மீட்டர், ஜூனியர்களுக்கு 5 மீட்டர். உங்கள் மகள் 3 அல்லது 4 மீட்டரில் தொடங்கலாம். அகலம் 4 முதல் 6 செ.மீ., முழுவதும் ஒரே துண்டாக இருக்க வேண்டும். குச்சிக்கும் துணிக்கும் இடையில் சுழலும் கொக்கி இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் துணி முறுக்கிக்கொண்டே போகும். பரிசுப்பொட்டலம் கட்டும் ரிப்பன் விறைப்பானது. அதில் சுருள் விழாது. வீட்டில் பழகும்போது மின்விசிறியைக் கட்டாயம் நிறுத்துங்கள். துணி இறக்கையில் சிக்கினால் குச்சி பறந்து முகத்தில் அடிக்கும். மொட்டை மாடியும் வேண்டாம். சிமெண்டுத் தரை சாட்டின் ஓரத்தை நார்நாராகப் பிரித்துவிடும். ஏற்காட்டுப் பனியில் துணி ஈரம் இழுத்துக் கனத்து, தன்மேலேயே ஒட்டிக்கொண்டு முடிச்சு விழும். அங்கே வீட்டுக்குள்ளேயே பழகட்டும். பயிற்சி முடிந்ததும் மடிக்காமல் சுருட்டி வையுங்கள்; சுருக்கம் விழுந்தால் மேலே பருத்தித் துணி போட்டு, குறைந்த சூட்டில் தேய்க்கலாம்.

கிளப் கடைசியில். நம் ஊர் கர்லாக்கட்டைதான் ஆங்கிலேயர் வழியாக ஐரோப்பா போய், மெலிந்து, இன்று இந்த வடிவில் நிற்கிறது. இரண்டு கைகளும் வெவ்வேறு வேலை செய்ய வேண்டும் என்பதால், மற்ற நான்கிலும் கை தேறிய பிறகு தொடங்குவது நல்லது. அப்போதும் மரக்கட்டை வேண்டாம். ரப்பர் அல்லது பிளாஸ்டிக்கில், 35 செ.மீ. அளவில் வாங்குங்கள். தவறி விழும்போது நெற்றியும் கணுக்காலும் தப்பிக்கும்.

போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன், அவள் வயதுப் பிரிவுக்கு எந்தக் கருவி, என்ன அளவு என்பதைப் பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கயிற்றையும் வளையத்தையும் அவள் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கயிறு குட்டையாகிவிட்டால் புதிது வாங்க அதிகம் செலவாகாது. சிறியதாகிவிட்ட வளையத்தை வகுப்பிலேயே கொடுத்துவிடுங்கள். அடுத்து சேரும் 6 வயதுப் பிள்ளைக்குச் சரியாக இருக்கும்.