பேட்ச் என் கணினியில் திறக்கிறது, கடையில் திறக்கவில்லை: ஏன்?

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு பினாங்கு, கெடா பக்கம் 40 மளிகைக் கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் பில்லிங் மென்பொருள் செய்து கொடுக்கிறேன். சேவை வரி, மின்-இன்வாய்ஸ் என்று ஒன்று மாற்றி ஒன்று வருவதால் அடிக்கடி அப்டேட் அனுப்ப வேண்டியிருக்கிறது. பல கடைகளில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான். அதனால் முழுக் கோப்பை அனுப்பாமல், மாறிய பகுதிகளை மட்டும் கொண்ட பேட்ச் கோப்பை அனுப்புகிறேன். பேட்ச் கட்ட முன்பு எக்ஸ்டெல்ட்டா என்ற கருவி, இப்போது இசட்-ஸ்டாண்டர்ட் என்ற சுருக்கும் கருவியின் 1.5.7 பதிப்பு. ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. போன மாதம் தமிழ், சீன எழுத்துருக்களைச் சேர்த்ததும் தரவுக் கோப்பு 118 மெகாபைட்டிலிருந்து 141 ஆனது. அன்றிலிருந்து எந்தக் கடையிலும் பேட்ச் திறப்பதில்லை. நினைவகம் அதிகம் தேவைப்படுகிறது என்று பிழை காட்டுகிறது. அதே பேட்ச் என் கணினியில் கமாண்ட் கொடுத்தால் திறக்கிறது. புதிய பதிப்பில் கோளாறா? பழையபடி எக்ஸ்டெல்ட்டாவுக்கே போய்விடலாமா?

பதில்: போக வேண்டாம். பதிப்பில் கோளாறு இல்லை. உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: 118-இல் ஓடியது, 141-இல் நின்றது. இடையில் 128 இருக்கிறது.

இசட்-ஸ்டாண்டர்டில் பேட்ச் செய்யும்போது பழைய கோப்பு ஓர் அகராதியாகப் பயன்படுகிறது. "இந்தப் பகுதி பழையதில் இன்ன இடத்தில் இருக்கிறது, அங்கிருந்து எடுத்துக்கொள்" என்ற குறிப்புகள்தான் பேட்ச்சில் பெரும்பங்கு. அவ்வளவு தூரம் திரும்பிப் பார்க்க, பேட்ச்சை விரிக்கும் கணினி ஒரு பெரிய விண்டோவை, அதாவது திரும்பிப் பார்க்கும் பகுதியை, நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும். அந்த விண்டோ 128 மெகாபைட்டைத் தாண்டினால் ஸ்ட்ரீமிங் முறையில் (துண்டு துண்டாக) விரிக்கும் லைப்ரரி, அதாவது மற்ற நிரல்கள் கூப்பிடும் இசட்-ஸ்டாண்டர்டின் நிரல் தொகுப்பு, மறுத்துவிடும். யாரோ அனுப்பும் சின்னக் கோப்பு ஒரு கணினியின் நினைவகம் முழுவதையும் விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது. கமாண்டில் பேட்ச் முறையைக் கேட்டதும், கோப்பின் அளவைப் பார்த்து அந்தக் கருவியே பூட்டைத் தளர்த்திக்கொள்கிறது. கடைகளில் ஓடுவது கமாண்ட் அல்ல, நீங்கள் எழுதிய அப்டேட்டர். அது லைப்ரரியை நேரடியாகக் கூப்பிடுகிறது. பூட்டைத் தளர்த்தும் வரி அதில் இருக்காது, ஏனென்றால் இதுவரை தேவைப்படவில்லை.

புதிய பதிப்பைச் சந்தேகிக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2016-இல் 1.0 வந்ததிலிருந்து இசட்-ஸ்டாண்டர்டின் கோப்பு வடிவம் மாறவில்லை. பேட்ச் வசதி 2020-இல் 1.4.5 பதிப்பில் வந்தது. 2025 பிப்ரவரியில் வந்த 1.5.7-இல் உங்களுக்குத் தொடர்புள்ள முக்கிய மாற்றங்கள் பேட்ச் கட்டும் பக்கத்தில்தான்: கணினியைப் பொறுத்து நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) வரை தானாகவே பயன்படுத்துகிறது, உயர்ந்த சுருக்க நிலைகளில் பேட்ச் கட்டும் வேகம் நன்றாகக் கூடியிருக்கிறது, "மேக்ஸ்" என்று ஒரு புதிய உச்ச நிலையும் வந்திருக்கிறது. முதல் இரண்டும் உங்களுக்கு நல்ல லாபம். மேக்ஸைத் தொடாதீர்கள். மிக மெதுவானது, வளங்களை அள்ளிக் குடிக்கும், 32-பிட் கட்டமைப்பில் வேலையே செய்யாது. சில கிலோபைட் மிச்சத்துக்காக அந்தப் பாடு வேண்டாம்.

இனி, சரிசெய்யும் வழி. அப்டேட்டரில் விரிக்கும் அமைப்பின் விண்டோ உச்சவரம்பை 27-லிருந்து 28 ஆக்குங்கள். இவை 2 என்ற எண்ணின் அடுக்குகள்: 27 என்றால் 128 மெகாபைட், 28 என்றால் 256. ஒரேயடியாக 31 என்று வைத்துவிட்டால் இனித் தொல்லை இல்லையே என்று தோன்றும். வேண்டாம், அது 2 ஜிகாபைட். கடைகளில் இருப்பது பெரும்பாலும் 4 ஜிபி கணினிகள், அதில் பிரிண்டர் மென்பொருளும் பிரவுசரும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். தேவைக்கு மேல் ஒரு படிகூடத் திறக்காதீர்கள். பழைய கோப்பை முன்னொட்டாக லைப்ரரியிடம் கொடுக்கும் அழைப்பு ஒரு கோப்பை விரிப்பதற்கு மட்டுமே செல்லும் என்பதையும் கவனியுங்கள். ஒரே ஓட்டத்தில் மூன்று கோப்புகளை விரித்தால் மூன்று முறையும் கொடுக்க வேண்டும்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது, பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். திருத்திய அப்டேட்டரை, திறக்க முடியாத அதே பேட்ச்சுக்குள் வைத்து அனுப்பினால் அது கடைக்குப் போய்ச் சேரவே சேராது. அப்டேட்டரை மட்டும் தனியாக, முழுக் கோப்பாக முதலில் அனுப்புங்கள். அது சின்னது, ஹாட்ஸ்பாட்டிலும் இறங்கிவிடும். 40 கடைகளிலும் புது அப்டேட்டர் ஓடுகிறது என்று பதிவைப் பார்த்து உறுதியான பிறகே பெரிய பேட்ச்சைத் திறந்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், அதுதான் எனக்குக் கவலை. பேட்ச் என்பது ஒரு குறிப்பிட்ட பழைய கோப்பின் மேல் மட்டுமே சரியாக உட்காரும். கடையில் இருக்கும் கோப்பில் ஒரு பைட் மாறியிருந்தாலும் வெளியே வருவது குப்பையாக இருக்கலாம். இந்த முறையில் பழைய கோப்புக்கு அடையாள எண் எதுவும் கிடையாது, ஆகவே தவறான கோப்பைக் கொடுத்தாலும் லைப்ரரி முதலில் கண்டுகொள்ளாது. கமாண்டில் கட்டினால் சரிபார்ப்பு எண் தானாகச் சேரும். லைப்ரரியைக் கூப்பிட்டுக் கட்டினால் அதை நீங்கள்தான் போட வேண்டும். அது இருந்தாலும் போதாது. பழைய கோப்புக்கும் புதிய கோப்புக்கும் ஷா-256 மதிப்புகளை (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒரு சிறு பட்டியலில் எழுதி, அந்தப் பட்டியலில் டிஜிட்டல் கையொப்பம் இடுங்கள். பேட்ச் கோப்பின் மதிப்பும் அதில் இருக்கட்டும். கையொப்பத்தைப் பார்க்கும் முன் பேட்ச்சைத் தொடவே கூடாது. பிஎஸ்பேட்ச் என்ற பேட்ச் திறக்கும் கருவியில், வேண்டுமென்றே கோணலாகச் செய்த பேட்ச் நினைவகத்தின் எல்லை தாண்டி எழுதும் ஓட்டை இருந்து, 2016-இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் குழு அதை அடைக்க வேண்டி வந்தது. பேட்ச் கோப்பும் வெளியிலிருந்து வரும் கோப்புதான்.

சில வருடங்களுக்கு முன் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மளிகைக் கடையில் நின்றிருந்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம், மாலை ஐந்து மணி, வெளியே இடியும் மழையும். கல்லாவில் இருந்த அக்கா அப்டேட் பட்டனை அழுத்தியிருந்தார். பாதியில் மின்சாரம் ஒரு நொடி போய் வந்தது. நான் எழுதியிருந்த அப்டேட்டர் பழைய கோப்பின் மேலேயே எழுதிக்கொண்டிருந்தது. கணினி மீண்டும் எழுந்தபோது பழையதும் இல்லை, புதியதும் இல்லை. வரிசையில் பத்துப் பேர், கையில் முறுக்கு மாவும் நல்லெண்ணெயும். அக்கா காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் பில் எழுத ஆரம்பித்தார். ஐந்து சென் கணக்கை வாய்விட்டுச் சொல்லி ரவுண்ட் பண்ணினார். "பரவாயில்ல தம்பி, பாத்துக்கலாம்" என்றார். அந்தக் காலண்டர் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆகவே, புதியதைப் பக்கத்திலேயே வேறு பெயரில் எழுதுங்கள். வட்டில் முழுவதும் இறங்கியதை உறுதிசெய்து, ஷா மதிப்பைப் பார்த்து, அதன் பிறகே பெயரை மாற்றுங்கள். விண்டோஸில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் மேல் எழுத முடியாது, ஆனால் பெயரை மாற்ற முடியும்; அது போதும். பழையதை அடுத்த அப்டேட் வரை அழிக்காதீர்கள்.

பேட்ச்சின் அளவைப் பற்றி: இன்ஸ்டாலர் கோப்பை இன்ஸ்டாலரோடு ஒப்பிட்டுப் பேட்ச் கட்டுகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள். அது ஏற்கெனவே சுருக்கப்பட்டது. உள்ளே ஓர் எழுத்து மாறினால் அதற்குப் பின் வரும் பைட்டுகள் எல்லாம் வேறு முகம் காட்டும், பேட்ச் முழுக் கோப்பின் அளவுக்கே வந்து நிற்கும். விரித்துப் போட்ட கோப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

எழுத்துரு, அறிக்கைப் படிவம் போன்ற தரவுக்கு இசட்-ஸ்டாண்டர்டே பொருத்தம். இயங்கு நிரலுக்கு மட்டும் பிஎஸ்டிஃப்பை, அதாவது பிஎஸ்பேட்ச் திறக்கும் பேட்ச்சைக் கட்டும் கருவியை, ஒருமுறை முயன்று பாருங்கள். நிரலில் ஒரு வரியைச் சேர்த்தால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் நகர்ந்து, உள்ளே இருக்கும் முகவரிகள் நூற்றுக்கணக்கில் மாறும். காலின் பெர்சிவலின் பிஎஸ்டிஃப் அந்த வித்தியாசங்களைக் கழித்துப் பார்ப்பதால், மிஞ்சுவது பெரும்பாலும் பூஜ்யங்கள். அவை நன்றாகச் சுருங்கும். 2009-இல் குரோம் குழு வெளியிட்ட ஓர் ஒப்பீட்டில் 10.4 மெகாபைட் முழு அப்டேட், பிஎஸ்டிஃப்பில் 705 கிலோபைட் ஆனது. நிரலைப் பிரித்துப் படிக்கும் அவர்களுடைய சொந்தக் கருவியில் 79 கிலோபைட் ஆனது. ஆனால் கட்டும்போது பிஎஸ்டிஃப் பழைய கோப்பைப் போல் 17 மடங்கு நினைவகம் கேட்கும். 12 மெகாபைட் நிரலுக்கு அது 204 மெகாபைட், சிரமமில்லை. உங்கள் 141 மெகாபைட் தரவுக் கோப்புக்கு அதைக் கொடுத்தால் 2.4 ஜிகாபைட்.

வரி மாறும்போதெல்லாம் பேட்ச் அனுப்புவதையும் யோசியுங்கள். 2024 மார்ச் 1-இல் சேவை வரி 8 விழுக்காடானபோது சாப்பாட்டுக் கடைகளுக்கு 6 விழுக்காடே தொடர்ந்தது. இத்தகைய எண்கள் நிரலுக்குள் இருக்க வேண்டியதில்லை. தொடங்கும் தேதியோடு ஒரு சின்ன, கையொப்பமிட்ட கோப்பில் இருந்தால் இரண்டு கிலோபைட்டில் வேலை முடியும், கடைக்காரர் எதையும் அழுத்தக்கூடத் தேவையில்லை. மின்-இன்வாய்ஸ் அப்படியல்ல. 2024 ஆகஸ்ட் 1 முதல் கட்டம் கட்டமாக வந்த அந்த மாற்றத்துக்கு நிரலே மாற வேண்டும், அதற்குத்தான் பேட்ச்.

கடைசி மூன்று பதிப்புகளிலிருந்து நேராகப் புதியதற்குப் பேட்ச் கட்டி வையுங்கள், அதற்கும் பழையதில் இருப்பவருக்கு முழுக் கோப்பு போகட்டும். வெளியிடும் முன், ஏதாவது ஒரு கடையில் இருப்பது போன்ற 4 ஜிபி கணினியை மேசையில் வைத்து, கமாண்டில் இல்லாமல் அப்டேட்டரிலேயே ஓட்டிப் பாருங்கள். பாதியில் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கியும் பாருங்கள்.