செப்சிஸுக்கு ஸ்டீராய்டு ஏன்?

சிறுநீர்த் தொற்று செப்சிஸாகி (தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி உறுப்புகளைப் பாதிக்கும் நிலை) உங்கள் அப்பா ஐசியூவில் இருக்கிறார், ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் ஓடுகிறது, இப்போது ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டும் தொடங்கியிருக்கிறார்கள். "கிருமி இருக்கும்போது ஸ்டீராய்டு எதற்கு, அழற்சியை அடியோடு நிறுத்தும் மருந்து கேட்கலாமா" என்று எழுதியிருந்தீர்கள்.

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். அது பழைய ஆசை. அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தின் சமிக்ஞையைத் தடுத்தபோது சோதனை விலங்குகள் பிழைத்தன. மனிதர்களிடம் பெரிதாக எடுபடவில்லை. கிருமியின் நச்சான எண்டோடாக்சினை உணர்ந்து அழற்சியைக் கிளப்பும் டிஎல்ஆர்4 என்ற செல் வாசலையே எரிடோரான் என்ற மருந்து அடைத்தது. 2013இல் வந்த அதன் சோதனை முடிவில் இறப்பு குறையவில்லை. நோயாளி ஐசியூ வரும்போதே அழற்சி வெள்ளம் பாதி கடந்திருக்கும். பலருக்கு எதிர்ப்பு சக்தி அதற்குள் சோர்ந்தும் போயிருக்கும். அழற்சிக்கென்று மேலே இன்னொருவர் பரிந்துரைத்த மஞ்சள்கிழங்கு மாத்திரையும், தயவுசெய்து வேண்டாம்.

இந்த ஸ்டீராய்டு கணக்கு வேறு. வழக்கமாக ஒரு நாளைக்கு 200 மி.கி.தான். தளர்ந்த ரத்தக்குழாய்கள் நார்அட்ரினலினுக்கு மறுபடி இணங்க உதவும். 2018இன் இரண்டு பெரிய சோதனைகளிலும் ஷாக் (ரத்த அழுத்தம் அபாயமாகச் சரியும் நிலை) சீக்கிரம் விலகியது. இறப்பு குறைந்தது ஒன்றில் மட்டும், அதில் ஃப்ளூட்ரோகார்டிசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டும் சேர்த்தார்கள். சர்க்கரை ஏறும், இன்சுலின் போட்டால் பதறாதீர்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது வேறு: எந்தக் கிருமி என்று காட்டும் கல்ச்சர் முடிவு வந்துவிட்டதா, ஆன்டிபயாடிக் அதற்குப் பொருந்துகிறதா, ஸ்கேனில் கல் அடைப்பு உண்டா? அடைப்பு இருந்தால் ஸ்டென்டோ குழாயோ வைத்துத் திறக்காமல் எந்த மருந்தும் முழுதாக வேலை செய்யாது. உங்களை ஐசியூவுக்குள் விடும்போது நார்அட்ரினலின் சிரிஞ்ச் பம்பில் ஓடும் எண்ணையும் சிறுநீர்ப் பையையும் பாருங்கள். எண் இறங்கி, பை நிறைந்தால் நல்ல சேதி.