பேசுவதற்கு மாமா இருக்கட்டும், பணம் கட்டுவதற்கு வேண்டாம்

கேள்வி: தலவாக்கலைக்கு அருகே ஒரு தோட்டத்தில் வசிக்கிறோம். நான் நாள் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். கணவர் லீசிங்கில் எடுத்த முச்சக்கர வண்டிக்கு மாதம் 24,000 ரூபாய் கட்ட வேண்டும். நான்கு தவணை தவறியதும் வசூல்காரர்கள் லயத்துக்கே வரத் தொடங்கினார்கள். முன்பு அதே தொழிலில் இருந்த கணவரின் தாய்மாமா, "கம்பனியோடு நான் பேசிக்கொள்கிறேன்" என்றார். எட்டு மாதமாக அவரிடம் மாதம் 20,000 கொடுக்கிறோம். அதில் 3,000 அவர் செலவுக்கு. ஆனாலும், பிணை நின்ற என் தம்பி படிப்பிக்கும் பாடசாலைக்கு இப்போது அழைப்புகள் வருகின்றன. என் பெயரில் குழுக்கடன் எடுத்து அடைத்துவிடலாம் என்கிறார் மாமா. எடுக்கலாமா?

பதில்: சகோதரி, எடுக்க வேண்டாம். வசூல்காரர்களோடு பேச ஓர் ஆளை வைத்ததில் தவறில்லை. தவணைப் பணத்தையும் அந்த ஆளின் கையிலேயே கொடுத்து வருவதுதான் உங்களைக் கெடுக்கிறது.

கணக்கைப் பாருங்கள். எட்டு மாதத்தில் கட்ட வேண்டியது 1,92,000. நீங்கள் கொடுத்த 1,60,000இல் மாமாவின் 24,000 போக, கம்பனிக்குப் போயிருக்கக்கூடியது அதிகபட்சம் 1,36,000. துண்டு விழும் 56,000 பழைய பாக்கி 96,000உடன் சேர்ந்தால் 1,52,000. தாமத வட்டி தனி. நான்கு தவணைப் பாக்கி ஆறு தவணைக்கு மேல் ஏறிவிட்டது, அதுவும் மாமா ஒரு சதம் குறையாமல் கட்டியிருந்தால். உங்கள் கடிதத்தில் ஒரு பற்றுச்சீட்டைப் பற்றிய பேச்சே இல்லை என்பதையும் கவனித்தேன்.

இந்த வாரமே கணவர் கம்பனிக்கு நேரில் போய், இதுவரை கட்டியதையும் பாக்கியையும் காட்டும் கணக்குக் கூற்றை வாங்கட்டும். இனித் தவணையை அவரே கம்பனியின் கணக்கில் வைப்பிலிட்டுச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். மாமாவின் 3,000உம் அதிலேயே சேரட்டும். மாமாதான் பேச வேண்டுமென்றால், கணக்கு விபரம் கேட்கவும் தவணையை மறுசீரமைப்பது பற்றிப் பேசவும் மட்டும் அவருக்கு அதிகாரம் உண்டு, பணம் பெறவோ கையெழுத்திடவோ வண்டியை ஒப்படைக்கவோ இல்லை என்று, மூன்று மாத முடிவுத் திகதியோடு கணவர் ஒரு கடிதம் எழுதி, அதன் பிரதியில் கம்பனியின் முத்திரையைப் பெற்றுக்கொள்ள வேண்டும். கணவருக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரத்தைச் சட்டப்படி கொடுக்கும் அற்றோர்ணித் தத்துவத்தை எழுதிக் கொடுப்பது இந்த வேலைக்குத் தேவையற்றது, ஆபத்தானதும்கூட. மறுசீரமைப்புக்குக் கம்பனி சம்மதித்தால், தவணை குறைகிறதே என்று மகிழ்வதற்கு முன் கடைசிவரை கட்டப்போகும் மொத்தத் தொகையை எழுத்தில் கேளுங்கள்.

தம்பியின் பாடசாலைக்கு வரும் அழைப்புகளைப் பற்றிக் கம்பனிக்கு முதலில் எழுத்தில் முறையிடுங்கள். பதில் திருப்தியில்லையென்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்குப் போகலாம். ஆனால் முறைப்பாட்டால் பாக்கி குறையாது. கடன் வாங்கியவர்களின் விபரங்களைத் திரட்டி வைக்கும் கொடுகடன் தகவல் பணியகத்தின் (CRIB) அறிக்கையில் கணவரின் பாக்கியோடு தம்பியின் பிணையும் தெரியும், நாளை தம்பி வீட்டுக் கடன் கேட்கும்போது அது குறுக்கே வரும்.

குழுக்கடனை மறுப்பதற்குக் காரணம், வண்டி உழைத்துக் கட்ட வேண்டிய பாக்கியை, வேலை கிடைக்கும் நாளுக்கு மட்டும் வரும் உங்கள் சம்பளத்தில் அந்தக் கடன் ஏற்றிவிடுகிறது என்பதுதான். ஒரு வாரம் நீங்கள் தவறினால் உங்களுக்காகப் பிணை நிற்கும் பக்கத்து வீட்டுப் பெண்கள் கட்ட வேண்டும். கைத்தொலைபேசியில் நிமிடத்தில் கிடைப்பதாக விளம்பரம் செய்யும் கடன்களை, தயவுசெய்து, திறந்துகூடப் பார்க்காதீர்கள்.

கணக்குக் கூற்றில் 1,36,000ஐவிடக் குறைவாக வரவு இருந்தால், மீதி எங்கே என்று கணவர் மாமாவிடம் கேட்கத்தான் வேண்டும். உறவுக்குள் பேசித் தீராவிட்டால், தோட்டத்தில் கூட்டம் கூட்டிச் சண்டையாக்காமல் உங்கள் பிரதேச மத்தியஸ்த சபைக்கு எடுத்துச் செல்லுங்கள்.