பழைய கேட்ரிட்ஜ்களில் காணும் வேறுபாடுகள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 1985-இல் அமெரிக்காவில் வெளியான நின்டெண்டோவின் ‘ஜைரோமைட்’ வீடியோ கேம் கேட்ரிட்ஜ் என்னிடம் உள்ளது. உறையில் ஐந்து ஸ்க்ரூக்கள் இருக்கின்றன. கையில் எடுத்தால் மற்றவற்றைவிடக் கனமாகத் தெரிகிறது. விளையாட்டைத் தொடங்கினால் திரையில் ‘ரோபாட் ஜைரோ’ என்ற வேறு பெயர் வருகிறது. உள்ளே ஜப்பானிய சர்க்யூட் போர்டு இருக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிடலாமா?

பதில்: இருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் மூன்று அடையாளங்களில் எடை ஒன்றுதான் இங்கே ஓரளவு சாட்சி சொல்லும்.

1983-இல் ஜப்பானில் வந்த, நின்டெண்டோவின் விளையாட்டு இயந்திரமான ஃபேமிகாமின் கேட்ரிட்ஜ்களுக்கு 60 இணைப்பு முனைகள். அதன் அமெரிக்க வடிவமான என்இஎஸ்ஸுக்கு 72. அமெரிக்க விற்பனையின் தொடக்கக் காலத்தில் வந்த சில கேட்ரிட்ஜ்களில், ஜப்பானிய அளவிலான சிறிய போர்டையே வைத்து, அதை 72 முனைகளுக்கு மாற்றித் தரும் அடாப்டர் ஒன்றையும் உறைக்குள் சேர்த்து அனுப்பினார்கள். ஃபேமிகாமில் அங்கீகாரம் சோதிக்கும் பூட்டுச் சிப் கிடையாது. என்இஎஸ்ஸில் அது இல்லாமல் விளையாட்டு ஓடாது. ஆகவே அந்தச் சிப்பும் அடாப்டரின் மீதே அமர்ந்திருக்கும். இரண்டு போர்டுகளும் அவற்றை இணைக்கும் சாக்கெட்டும் சேர்வதால்தான் எடை கூடுகிறது.

‘ரோபாட் ஜைரோ’ என்ற பெயர் எதையும் நிரூபிக்காது. ஜப்பானியத் தலைப்புத் திரையை மாற்றாமலேயே அமெரிக்காவில் வெளியிட்டுவிட்டதால், சாதாரண போர்டு உள்ள பிரதியிலும் அதே பெயர்தான் வரும். ஐந்து ஸ்க்ரூக்கள் என்பது அவசியமான அடையாளம். ஆனால் போதுமான அடையாளம் அன்று. தொடக்கக் கால என்இஎஸ் கேட்ரிட்ஜ்கள் பரவலாக ஐந்து ஸ்க்ரூ உறையில்தான் வந்தன. பிற்பாடுதான் மேலிருந்த இரண்டுக்குப் பதிலாக பிளாஸ்டிக் கொக்கிகள் வந்து, ஸ்க்ரூ மூன்றாகக் குறைந்தது. ஆகவே மூன்று ஸ்க்ரூ உறை என்றால் அடாப்டரைத் தேட வேண்டியதில்லை. ஐந்து என்றால் தேடத் தொடங்கலாம், அவ்வளவே.

எடையை வேறொரு விளையாட்டோடு ஒப்பிடாதீர்கள். பேட்டரியும் கூடுதல் சிப்புகளும் உள்ள கேட்ரிட்ஜ் இயல்பாகவே கனக்கும். அதே விளையாட்டின், அதே ஐந்து ஸ்க்ரூ உறையுள்ள மற்றொரு பிரதியைச் சமையலறைத் தராசில் அருகருகே நிறுத்திப் பாருங்கள். வேறுபாடு தெளிவாக இருந்தால் திறந்து பார்ப்பதே முடிவான வழி. ஐந்து ஸ்க்ரூ உறைகளில் பெரும்பாலும் சாதாரணத் தட்டை ஸ்க்ரூக்களே இருக்கும்; பிந்தைய உறைகளுக்கு மட்டும் 3.8 மில்லிமீட்டர் சிறப்புத் திருப்புளி தேவைப்படும். பொருத்தமில்லாத கருவியால் தலையைத் தேய்த்துவிட்டால், உள்ளே என்ன இருந்தாலும் உறையின் மதிப்பு போய்விடும்.

திறந்ததும் அடாப்டர் இல்லையென்றாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஃபேமிகாம் விளையாட்டுகளை என்இஎஸ்ஸில் ஓட்ட இந்த அடாப்டர் உதவும் என்பதால், அதற்காகவே இத்தகைய கேட்ரிட்ஜ்களைப் பிரித்து எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. (கூடுதல் ஒலிச் சிப் கொண்ட ஃபேமிகாம் விளையாட்டுகளின் அந்த ஒலி மட்டும் இவ்வழியில் கேட்காது, அது செல்லும் பாதை என்இஎஸ் கேட்ரிட்ஜ் முனைகளில் இல்லை.) ஸ்க்ரூக்கள் பலமுறை கழற்றிய தடத்தோடு இருக்க, உள்ளே காலத்தால் பிந்திய போர்டு ஒன்று அமர்ந்திருந்தால், அது தொழிற்சாலை செய்த வேறுபாடு அன்று, யாரோ செய்த மாற்று.

கேள்வி: ‘பைலட்விங்ஸ்’ விளையாட்டின் இரண்டு பிரதிகள் வைத்திருக்கிறேன். எதையும் தொடாமல் விட்டால் தானாக ஓடும் செயல்விளக்கத்தில், ஒன்றில் விமானம் ஒழுங்காகப் பறக்கிறது. மற்றொன்றில் தரையில் மோதி நொறுங்குகிறது. பழுதா?

பதில்: பழுது என்று தோன்றுவது இயல்புதான், ஆனால் உறையைத் திறக்காமலேயே உள்ளிருக்கும் சிப்பைக் காட்டிக்கொடுக்கும் அபூர்வமான அடையாளம் இது. 1990-இல், ஃபேமிகாமின் அடுத்த தலைமுறை இயந்திரமான சூப்பர் ஃபேமிகாமுக்காக வந்த இந்த விளையாட்டு, முப்பரிமாணக் கணக்குகளுக்காக டிஎஸ்பி-1 என்ற துணைச் சிப்பைக் கேட்ரிட்ஜிலேயே சுமக்கிறது. பின்னாளில் அதே சிப்பின் கணக்குப் பிழை ஒன்றைத் திருத்தி டிஎஸ்பி-1பி என்ற வடிவம் வந்தது. செயல்விளக்கம் என்பது காணொளி அன்று. முன்பே பதிவு செய்த பொத்தான் அழுத்தங்களை விளையாட்டு மீண்டும் ஓட்டிக்காட்டுகிறது. பழைய சிப்பின் பிழையோடு பதிவான அழுத்தங்கள் திருத்தப்பட்ட சிப்பின் கணக்கோடு பொருந்தாமல் போவதால் விமானம் விழுகிறது. பிழையைத் திருத்தியதால் விபத்து நேர்ந்த விநோதம் என்று சொல்லலாம். உங்கள் இரண்டு பிரதிகளும் நலமாகவே இருக்கின்றன. நொறுங்குவது பிந்தைய தயாரிப்பு.

கேள்வி: இரண்டு கேட்ரிட்ஜ்களைப் பற்றிக் கேட்க விரும்புகிறேன். ‘ஸ்டார் ஃபாக்ஸ்’ பிரதி ஒன்றின் போர்டில், சிப் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பிசின் உருண்டையே இருக்கிறது. மற்றொன்றில் கண்ணாடிச் சாளரமுள்ள சிப்பும் கையால் எழுதிய லேபிளும் உள்ளன. விற்பவர் அதை வெளியீட்டுக்கு முந்தைய மாதிரி என்கிறார். இவற்றை நம்பலாமா?

பதில்: பிசின் உருண்டை என்றாலே போலி என்ற எண்ணம் சேகரிப்பாளர்களிடையே வேரூன்றியிருக்கிறது. மலிவான நகல்களில் அது மிகுதியாகக் காணப்படுவது உண்மையே. ஆனால் 1993-இல் வந்த ‘ஸ்டார் ஃபாக்ஸின்’ தொடக்கத் தயாரிப்புகளில், மரியோ சிப் 1 என்று பெயரிட்ட துணைச் சிப்பையே நேரடியாகப் போர்டில் ஒட்டிப் பிசினால் மூடியிருந்தார்கள். அருகில் உள்ள, விளையாட்டைச் சேமித்து வைத்திருக்கும் ரோம் சிப் முறையான அச்சுடன் இருந்து, போர்டில் நின்டெண்டோவின் பெயரும் குறியீடும் தெளிவாக இருந்தால் அஞ்ச வேண்டாம்.

இரண்டாவதில்தான் எனக்கு ஐயம். கண்ணாடிச் சாளரமுள்ளது ஈப்ரோம். புற ஊதா ஒளியால் அழித்து மீண்டும் எழுதக்கூடியது. உருவாக்குநர்கள் அதைப் பயன்படுத்தினார்கள் என்பது போலவே, இன்று வீட்டு மேசையில் எவரும் அதைச் சால்டர் செய்துவிடலாம் என்பதும் உண்மை. எனவே சாளரத்தைப் பார்த்து மயங்காமல் தேதியைப் படியுங்கள். பல சிப்புகளின் முதுகில் நான்கு இலக்கங்கள் இருக்கும்: 8922 என்றால் 1989-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம். ஒரு போர்டில் உள்ள சிப்புகளில் எது மிகப் பிந்தியதோ, அதற்கு முன்பு அந்தக் கேட்ரிட்ஜ் அந்த நிலையில் இருந்திருக்க முடியாது. விளையாட்டு வெளியான பிறகு உற்பத்தியான சிப் ஒன்று அந்தப் போர்டில் இருந்தால், முந்தைய மாதிரி என்ற பேச்சுக்கே இடமில்லை. தேதி பொருந்தினாலும் அத்துடன் நிற்காமல், ரோமின் உள்ளடக்கத்தைப் படித்தெடுத்து வெளியான பதிப்போடு ஒப்பிடச் சொல்லுங்கள்; ஒரு பைட்கூட மாறாமல் ஒத்துப்போகும் ‘மாதிரிக்கு’ நான் கூடுதல் விலை கொடுக்க மாட்டேன். சாளரத்தின் மேல் ஒட்டியிருக்கும் தாளை மட்டும் பிரிக்க வேண்டாம். வெயில் பட்டால் உள்ளிருப்பது நாளடைவில் அழியும்.

கேள்வி: ஐரெம் நிறுவனத்தின் ஃபேமிகாம் கேட்ரிட்ஜ் ஒன்றில் சிவப்பு விளக்கு இருக்கிறது, அதே விளையாட்டின் மற்றொரு பிரதியில் இல்லை. விளக்கைப் பிறர் பொருத்தினார்களா?

பதில்: இல்லை. ஐரெம் தன் தொடக்கக் கால ஃபேமிகாம் கேட்ரிட்ஜ்களில், மின்சாரம் பாயும்போது ஒளிரும் சிறு எல்இடி ஒன்றை வைத்தது; பிந்தைய தயாரிப்புகளில் அதை விட்டுவிட்டது. இரண்டுமே அசல்தான். விளையாட்டு ஓடியும் விளக்கு எரியாவிட்டால், எல்இடியை மாற்றியோ சால்டரைப் புதுப்பித்தோ ‘சரிசெய்ய’ முனைய வேண்டாம். எரியாத அசல் விளக்கையே நான் விரும்புவேன்.